மாத்திரை இருந்தது, கொடுக்கவில்லை

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது எங்கேயும் ஓடிவிடாது. இரண்டு மாதமாக மண்டைக்குள் குடைந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன். கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2012-ல் இறந்துபோனார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. மூளைக் காய்ச்சல் என்றார்கள். இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், வீடு திரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க அத்தை வீட்டுப் பரணைக் காலி செய்தபோது, பழைய தையல் மிஷின் டிராயருக்குள் ஒரு சிகிச்சைப் புத்தகம் கிடைத்தது. மாமாவின் பெயர். மேலே ஏ.ஆர்.டி. மையத்தின் முத்திரை. ஏ.ஆர்.டி. என்றால் ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை. அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு கண்ணு?" என்று பேச்சை மாற்றினார். ராத்திரி அவராகவே வந்து உட்கார்ந்து சொன்னார். மாமாவுக்கு ஹெச்.ஐ.வி. இருந்தது. 2009-லிருந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூளைக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தது, மூளையைத் தாக்கிய டிபி.

அவருக்கு அது எப்படி வந்தது என்று கேட்கப் போகிறவர்கள் தயவுசெய்து இத்தோடு கிளம்பலாம். சர்க்கரை வியாதிக்காரரிடம் எத்தனை லட்டு தின்றாய் என்று யாரும் விசாரணை நடத்துவதில்லை.

அந்தப் புத்தகத்தை ஒரு பேரேடு போலத்தான் படித்தேன். பி.காம். புத்தி. மாதம் ஒரு வரி. தேதி, எடை, மாத்திரை எண்ணிக்கை. டிபி அறிகுறி உண்டா என்ற இடத்தில் 'இல்லை'. அடுத்த மாதமும் 'இல்லை'. மூன்று வருடத்தில் கடைசி இரண்டு வரியைத் தவிர எல்லா வரியிலும் 'இல்லை'. மாமா ஒரு மாதம்கூட மருந்து வாங்கத் தவறவில்லை. எழுதியவர்களும் கேட்டு எழுதத் தவறவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அம்மா இன்றைக்கும் அங்கே இருந்த நர்ஸம்மாவைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்கிறார்.

அந்த 'இல்லை'யின் அர்த்தம் எனக்குப் பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. மாமாவுக்கு டிபி வராமல் தடுக்கும் மாத்திரையைத் தொடங்க அந்த ஒவ்வொரு 'இல்லை'யும் ஒரு பச்சை விளக்கு. முப்பது தடவைக்கு மேல் விளக்கு எரிந்திருக்கிறது. வண்டி கிளம்பவில்லை.

அது என்ன மாத்திரை?

டிபி கிருமி உள்ளே போன எல்லோருக்கும் டிபி நோய் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி கிருமியைச் சிறை வைத்துவிடும். கிருமி சாகாது, தூங்கும். ஹெச்.ஐ.வி. இல்லாதவர்களில் இப்படித் தூங்கும் கிருமியைச் சுமப்பவர்கள் 100 பேர் இருந்தால், வாழ்நாள் முழுவதிலும் 5 முதல் 10 பேருக்குத்தான் அது நோயாக மாறும். ஹெச்.ஐ.வி. இருந்து சிகிச்சையும் இல்லையென்றால், கிட்டத்தட்ட அதே 10 பேர் என்ற கணக்கு ஒரே வருடத்துக்கு வந்துவிடும். சிறைக் காவலர்களைத்தானே ஹெச்.ஐ.வி. குறிவைத்துக் கொல்கிறது!

தூங்கும் கிருமியைத் தூக்கத்திலேயே தீர்த்துக்கட்டும் மருந்தின் பெயர் ஐசோநையாசிட். தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதம். கூடவே கை கால் நரம்பு பாதிக்காமல் இருக்க வைட்டமின் பி6. ஒரு மாத்திரையின் விலை நம் காலேஜ் வாசல் டீயை விடக் குறைவு.

இது நேற்று வந்த மருந்து என்று நினைத்தால், தேதிகளைப் பாருங்கள்.

1952: நியூயார்க்கில் ஸீ வியூ என்ற டிபி மருத்துவமனையில் ஐசோநையாசிட் கொடுக்கப்பட்ட நோயாளிகள் எழுந்து நடமாடுவது செய்தியாகிறது.

1950களின் கடைசி: அலாஸ்காவின் கிராமங்களில் ஜார்ஜ் காம்ஸ்டாக் என்ற மருத்துவர், நோய் வராமல் தடுக்கவே இதைக் கொடுத்துப் பார்க்கிறார். டிபி வருவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைகிறது. ஊர் ஜனங்களை நம்பவைக்க அவரும் அவர் குடும்பமும் அதே மாத்திரையைச் சாப்பிட்டார்கள்.

1993: ஹெய்ட்டியில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு வெளியாகிறது. அவர்களுக்கும் இது பலன் தருகிறது என்று தெரிகிறது.

1998: உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் சேர்ந்து, ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதைக் கொடுங்கள் என்று கொள்கை அறிக்கை விடுகின்றன.

2001: போட்ஸ்வானா நாடு முழுவதற்குமான திட்டமாக இதைத் தொடங்குகிறது.

2011: உலக சுகாதார நிறுவனம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. ஏ.ஆர்.டி. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், டிபி அறிகுறி இல்லாத ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கொடுங்கள்.

2012: என் மாமா சாகிறார்.

2016-17: இந்தியா தன் ஏ.ஆர்.டி. மையங்களில் இதை நாடு முழுக்கத் தொடங்குகிறது.

1998-லிருந்து 2016 வரை பதினெட்டு வருடம். பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிடும்.

அதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம் ஊரில் டிபி காற்று மாதிரி எங்கும் இருக்கிறது, இங்கே எப்படி வேலை செய்யும் என்று கேட்பவர்களுக்கு: சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் தென்னிந்தியாவிலேயே சுமார் 700 ஹெச்.ஐ.வி. நோயாளிகளிடம் இரண்டு விதமான தடுப்பு மருந்து முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்று எத்தாம்புட்டாலும் ஐசோநையாசிட்டும் சேர்த்து ஆறு மாதம், இன்னொன்று ஐசோநையாசிட் மட்டும் 36 மாதம். வருடத்துக்கு 100 பேரில் டிபி வந்தது முதல் முறையில் 2.4, இரண்டாவதில் 1.6. நம் ஜனங்களிடமும் இதைச் செய்ய முடியும் என்று காட்டிய ஆய்வு அது. வெளியான வருடம் 2012. ஆமாம், அதே 2012. சென்னையில் பேப்பர் அச்சாகிறது, திருப்பூரில் மாமாவுக்குப் பாடை கட்டுகிறார்கள்.

இனி சாக்குகளுக்கு வருவோம். ஒவ்வொன்றாக.

சாக்கு 1: நோயே இல்லாதவனுக்கு எதுக்கு மருந்து?

இதை கேன்டீனில் என் நண்பனே கேட்டான். "மச்சி, அவருக்குத்தான் டிபி இல்லையே, அப்புறம் எதுக்குடா டிபி மருந்து?"

டேய், நீயும் பி.காம்.தானே? வாரா ஐயக்கடன் ஒதுக்கு எதற்கு வைக்கிறோம்? கடனாளி இன்னும் ஓடிப்போகவில்லை. ஆனாலும் ஓடிப்போகலாம் என்று தெரியும். அதனால் நல்ல நாளிலேயே லாபத்தில் கொஞ்சம் எடுத்து வைக்கிறோம். ஓடிப்போன பிறகு ஒதுக்கு வைத்தால் ஆடிட்டர் சிரிப்பார். வரக்கூடிய நஷ்டத்தை முன்கூட்டியே கணக்கில் எடு என்பது +1 புத்தகத்திலேயே இருக்கிற பாடம். கடைக்காரரின் பணத்துக்கு இருக்கிற அந்த ஜாக்கிரதை மனுஷ உயிருக்கு வேண்டாமா?

சாக்கு 2: ஏ.ஆர்.டி. கொடுக்கிறோமே, அது போதாதா?

ஏ.ஆர்.டி. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. இந்தியாவில் 2004 ஏப்ரலில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அது இல்லையென்றால் மாமா 2012 வரைகூட வந்திருக்க மாட்டார். ஏ.ஆர்.டி. மட்டுமே டிபி ஆபத்தை ஏறக்குறைய 65 சதவீதம் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். சரி, மிச்சம் 35?

தென்னாப்பிரிக்காவின் கயலிட்ஷாவில் ஏ.ஆர்.டி. எடுத்துக்கொண்டிருந்தவர்களிடமே நடத்திய ஆய்வு 2014-ல் வந்தது. கூடுதலாக ஐசோநையாசிட் கொடுத்தவர்களுக்கு டிபி 37 சதவீதம் குறைவு. ஐவரி கோஸ்ட்டில் சுமார் 2000 பேரிடம் நடந்த டெம்ப்ரானோ ஆய்வு இன்னும் முக்கியம். ஆறு மாதம் ஐசோநையாசிட் சாப்பிட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். சாவே 37 சதவீதம் குறைந்திருந்தது. டிபி மட்டுமல்ல, சாவு. ஆறு மாத மாத்திரைக்கு.

சாக்கு 3: மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிடும்

கேட்பதற்கு மிகவும் பொறுப்பான பேச்சு மாதிரி இருக்கும். அதனால்தான் இது ஆபத்தான சாக்கு.

ஐசோநையாசிட்டுக்கு அடங்காத கிருமி பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் தானாக உருவாகும். டிபி முற்றி நுரையீரலில் குழி விழுந்தவரின் உடம்பில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். அவருக்கு இந்த ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பு நிச்சயம். அதனால்தான் நோய் வந்தவருக்கு நாலு மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள். தூங்கும் கிருமியோ எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதில் எதிர்ப்புக் கிருமி இருக்க வாய்ப்பும் குறைவு. தடுப்பு மருந்து ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் ஒரு கட்டுரை வந்தது. எதிர்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடியதாக நிரூபணம் கிடைக்கவில்லை.

ஆக, கேள்வி ஒன்றுதான். எதிரே இருப்பவருக்கு ஏற்கனவே நோய் இருக்கிறதா இல்லையா? அதற்கு எக்ஸ்ரேகூட இல்லாமல் தொடக்கச் சல்லடையாக நாலு கேள்வி இருக்கிறது. இருமல் இருக்கிறதா? காய்ச்சல்? எடை குறைகிறதா? ராத்திரியில் வியர்க்கிறதா? 100-ல் 5 பேருக்கு டிபி இருக்கும் ஒரு கூட்டத்தில், இந்த நாலுக்கும் 'இல்லை' என்று சொன்ன ஒருவருக்கு நிஜமாகவே டிபி இல்லாமல் இருக்க வாய்ப்பு 97 சதவீதத்துக்கு மேல். 2011-ல் பல நாட்டு விவரங்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு இது. ஏ.ஆர்.டி.யில் இருப்பவர்களிடம் இந்தச் சல்லடையின் கண் கொஞ்சம் பெரிசு, சிலர் நழுவலாம். முடிந்த இடத்தில் எக்ஸ்ரேயும் எடுங்கள். எக்ஸ்ரே இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தி வைக்காதீர்கள்.

மாமாவிடம் மாதா மாதம் கேட்டது இந்தக் கேள்விகளைத்தான். பதிலும் எழுதினார்கள். பதிலை வைத்து அடுத்த வேலையைச் செய்யச் சொல்லித்தான் மேலேயிருந்து யாரும் உத்தரவு போடவில்லை.

சாக்கு 4: கல்லீரல் கெட்டுவிடும்

இது உண்மை இருக்கிற சாக்கு. அதனால் நேர்மையாகப் பேசுவோம். 1970-ல் வாஷிங்டனில் டிபி பரவல் ஒன்றையொட்டி 2,321 அரசு ஊழியர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்தார்கள். 19 பேருக்குக் கல்லீரல் வீக்கம் வந்தது, 2 பேர் இறந்தார்கள். டாக்டர்களின் பயம் சும்மா வந்ததில்லை.

அதற்காகத்தான் கொடுக்கும் முன் மஞ்சள் காமாலை உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்க வேண்டும். கண் மஞ்சளானால், வாந்தி வந்தால், சாப்பாடு பிடிக்காமல் போனால் உடனே நிறுத்திவிட்டு வா என்று சொல்லி அனுப்ப வேண்டும். இதெல்லாம் செய்யக்கூடிய வேலைகள். அதோடு ரிஸ்க் என்பதை எதிர்ப்பக்கத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான ஆபீஸ் ஊழியருக்கு அந்த ரிஸ்க் பெரிசு, ஏனென்றால் அவருக்கு டிபி வரும் வாய்ப்பு சிறிசு. ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குத் தராசின் மறுதட்டில் உட்கார்ந்திருப்பது சாவு. 2023-ல் மட்டும் உலகத்தில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் 1,61,000 பேர் டிபியால் இறந்தார்கள். ஒரு பக்கத்துச் செலவை மட்டும் எழுதி மறுபக்கத்தைக் காலியாக விட்டால் அதற்குப் பெயர் ஜாக்கிரதை அல்ல. கணக்கில் ஃபிராடு.

சாக்கு 5: நிறுத்தினால் பலன் போய்விடும்

இதுவும் பாதி உண்மை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு மொத்தமாக ஐசோநையாசிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. சாப்பிட்ட காலத்தில் பாதுகாப்பு இருந்தது. நிறுத்தியதும் போனது. சுரங்கம் முழுவதிலும் டிபி குறையவில்லை. போட்ஸ்வானாவில் ஆறு மாதத்துக்குப் பதில் 36 மாதம் கொடுத்தபோதுதான் இன்னும் 43 சதவீதம் குறைந்தது.

காரணம் எளிது. மாத்திரை உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லும். வெளியே காற்றில் இருப்பதை என்ன செய்யும்? ஆனால் இதிலிருந்து 'அப்படியானால் கொடுக்க வேண்டாம்' என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. மழை நின்றதும் குடை உபயோகமில்லை என்பதால் மழையில் நனையச் சொல்வீர்களா? டிபி அதிகம் பரவும் இடத்தில் நீண்ட நாள் கொடுப்பதை யோசியுங்கள். ஹெச்.ஐ.வி. நோயாளிகளையும் இருமுபவர்களையும் ஜன்னல் இல்லாத ஒரே ஹாலில் ஒரே பெஞ்சில் மூன்று மணிநேரம் உட்கார வைப்பதை முதலில் நிறுத்துங்கள். ஜன்னல் திறக்கப் பட்ஜெட் வேண்டாம்.

சரி, இப்போதுதான் கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள். சந்தோஷம். 2021 வழிகாட்டுதலில் டிபி நோயாளியின் வீட்டில் இருக்கும் எல்லா வயதினருக்கும் விரித்துவிட்டார்கள். ஆனால் கோபம் தீரவில்லை. இரண்டு காரணம்.

ஒன்று, எண்ணுகிற விதம். 2018-ல் ஐ.நா. கூட்டத்தில் 2022-க்குள் 3 கோடி பேருக்குத் தடுப்பு மருந்து என்று இலக்கு வைத்தார்கள். கிடைத்தது 1.55 கோடி பேருக்கு. அதில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான 60 லட்சம் இலக்கு மட்டும் நன்றாகவே தாண்டப்பட்டது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இந்தப் பெரிய எண்களெல்லாம் மாத்திரையைத் தொடங்கியவர்களின் எண்ணிக்கை. முடித்தவர்களின் எண்ணிக்கை இல்லை. ஆர்டர் வந்த அன்றே விற்பனை என்று எழுதுகிற கம்பெனியை நம் சார் என்ன சொல்வார்? 180 மாத்திரையில் 40 சாப்பிட்டுவிட்டு நிறுத்தியவரும் அந்த எண்ணுக்குள் ஒருவர். முடித்தவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்தின் சுவரிலும் எழுதிப் போடட்டும்.

இரண்டு, இதைவிடச் சுலபமான வழி வந்துவிட்டது. ரிஃபாபென்டின் என்ற மருந்தை ஐசோநையாசிட்டோடு சேர்த்து வாரம் ஒரு முறை, மொத்தம் 12 வாரம். அல்லது தினமும், ஒரே மாதம். ஒரு மாத முறை ஒன்பது மாத ஐசோநையாசிட்டுக்குச் சளைத்ததல்ல என்று ஹெச்.ஐ.வி. உள்ள 3000 பேரிடம் செய்த ஆய்வு 2019-ல் காட்டியது. ஆரம்பத்தில் விலைதான் பிரச்சனை. 2019 அக்டோபரில் பேரம் பேசி மூன்று மாதக் கோர்ஸுக்கான ரிஃபாபென்டினை 45 டாலரிலிருந்து 15 டாலருக்கு இறக்கினார்கள். பிறகு இரண்டு மருந்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்துத் தயாரித்ததும் ஒரு இந்தியக் கம்பெனிதான்.

180 நாள் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அத்தையைக் கேளுங்கள். மாமாவின் மாத்திரைகள் தையல் மிஷின் டிராயரில் நூல் கண்டுகளுக்கு நடுவே இருந்தன. சொந்தக்காரர்கள் வந்தால் அன்றைக்கு அவர் பாத்ரூமுக்குள் போய்ச் சாப்பிடுவார். அவருக்கு 180-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் கழித்தல் கணக்கு இல்லை. இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் ஹெச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். அதில் எத்தனை டிராயர் இருக்கும்?

2025-க்குள் இந்தியாவில் டிபியை ஒழிப்போம் என்று 2018-ல் டெல்லியில் அறிவித்தார்கள். 2025 வந்தது. டிபி போகவில்லை. நோய் வந்தவர்களைத் தேடிப்பிடித்து வைத்தியம் செய்வது மட்டும் குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை.

கடைசியாக

நான் கேட்பது ஒன்றுதான். கொடுக்காமல் இருப்பதை 'இன்னும் முடிவெடுக்கவில்லை' என்று சொல்லாதீர்கள். கொடுக்காததும் ஒரு முடிவுதான். பதினெட்டு வருடம் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து யோசித்தவர்கள் யாரும் அதற்கு விலை கொடுக்கவில்லை. மாத்திரையால் ஒருவர் செத்தால் அறிக்கை வரும், விசாரணை வரும், பேப்பரில் வரும். மாத்திரை கொடுக்காததால் ஒருவர் செத்தால் 'மூளைக் காய்ச்சல்' என்று வரும். அவ்வளவுதான். அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் பற்று வைக்கப்படுவதில்லை.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர்களிலோ யாராவது ஏ.ஆர்.டி. எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை போகும்போது ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "எனக்கு டிபி தடுப்பு மாத்திரை தொடங்கியாச்சா? முடிச்சாச்சா?" புத்தகத்தில் 'இல்லை' என்று எழுதினால், அடுத்து என்ன என்று கேட்கச் சொல்லுங்கள்.

மாமாவுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்குப் பதில் இருந்திருக்காது. இன்றைக்குப் பதில் இருக்கிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். மூன்றாம் வருடம். இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் போய் நீங்களாக மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். டிபி இருப்பது தெரியாமல் ஒற்றை மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மூன்றாவது சாக்கிலேயே எழுதியிருக்கிறேன். மாமாவைப் பற்றி எழுதுவதற்கு அத்தையிடம் கேட்டேன். "பேரை மட்டும் போடாத. மத்தபடி எழுது. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். மியூச்சுவல் ஃபண்ட் அடுத்த வாரம், சத்தியமாக.